அப்பாவின் மாத்திரையை அம்மா போடலாமா?

இதய நோய் ஆய்வுகளில் பெண்கள் எங்கே போனார்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். மருந்தியல் படித்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

இதய ஆய்வுகளில் பெண்களையே சேர்க்கவில்லையாமே, நிஜமா?

முழுக்க நிஜமில்லை. 1948-ல் அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊரில் தொடங்கிய ஆய்வில் இருந்த 5,209 பேரில் பாதிக்கு மேல் பெண்கள்தான். சிக்கல் மருந்துச் சோதனைகளில். கருத்தரிக்கக்கூடிய பெண்களை ஆரம்பகட்டச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று 1977-ல் அங்கே வழிகாட்டுதல் வந்தது. விலக்கிக்கொள்ள 1993 ஆகிவிட்டது.

அப்பாவுக்கு டாக்டர் ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்தார். அம்மாவும் 'எதுக்கும் இருக்கட்டும்' என்று அந்த டப்பாவிலிருந்தே எடுத்துப் போடுகிறார். பரவாயில்லையா?

நல்ல கேள்வி. 22,071 அமெரிக்க டாக்டர்களில் பாதிப் பேருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பிரின், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை தந்து பார்த்தார்கள். முதல் மாரடைப்பு 44 சதவீதம் குறைந்ததாக 1989-ல் முடிவு வந்தது. அத்தனை பேரும் ஆண்கள்! அப்புறம் 39,876 பெண்களிடம் சுமார் 10 வருடம் சோதித்தார்கள். 2005-ல் வந்த முடிவு வேறு மாதிரி இருந்தது: மொத்தத்தில் மாரடைப்பு குறையவில்லை, பக்கவாதம் 17 சதவீதம் குறைந்தது. 65 வயது தாண்டியவர்களுக்கு மட்டும் மாரடைப்பிலும் பலன் தெரிந்தது. குடல் ரத்தக்கசிவு கூடியது. பெண்களுக்குக் கொடுத்த அளவும் குறைவு என்பதால், இந்த வித்தியாசத்துக்கு ஆண், பெண் உடம்பு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அம்மாவுக்கு இதுவரை இதய நோய் இல்லையென்றால், தன் டாக்டரைக் கேட்காமல் அந்த டப்பாவைத் தொட வேண்டாம். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் கதை வேறு. ஆணோ பெண்ணோ, தாங்களாக நிறுத்தக் கூடாது.

பெண் ஹார்மோன் இதயத்தைக் காக்கும் என்பார்களே?

அந்த நம்பிக்கையில் முதலில் ஈஸ்ட்ரோஜன் கொடுத்துப் பார்த்தது யாருக்குத் தெரியுமா? மாரடைப்பு வந்த ஆண்களுக்கு! அதிக அளவு ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு கூடியதால் அதைக் கொடுப்பதை நிறுத்தினார்கள். மாதவிடாய் நின்ற 16,608 பெண்களிடம் கூட்டு ஹார்மோனை (ஈஸ்ட்ரோஜனோடு இன்னொரு பெண் ஹார்மோன் வகையும் சேர்ந்தது) சோதித்த ஆய்வும், பலனைவிடத் தீங்கு அதிகம் என்று 2002-ல் பாதியில் நின்றது.

நெஞ்சு அடைக்கிறது என்று போனேன். ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை, டென்ஷன்தான் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஆஞ்சியோவில் தெரிவது இதயத்தின் பெரிய ரத்தக் குழாய்கள். மயிரிழை போன்ற குழாய்கள் சரியாக விரியாமல் போனாலும் வலிக்கும். பெண்களிடம் இது அதிகம். மறுபடி இதய டாக்டரைப் பார்த்து, 'சின்னக் குழாய்களில் கோளாறு இருக்குமா?' என்று நேராகவே கேளுங்கள். நெஞ்சழுத்தத்தோடு தாடை வலி, மூச்சிரைப்பு, குமட்டல் வந்தால் வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே ஈசிஜி எடுங்கள்.