மணி அடிச்சா குல்ஃபி வண்டியா? – அக்கா பதில்கள்

கேள்வி: அக்கா, என் பொண்ணுக்கு மூணு வயசு. வீட்டம்மா பாட்டுக்குழுவுல இருக்கதால ஞாயித்துக்கிழமை சர்ச் பூசையில பாப்பாவப் பாத்துக்கிறது என் டூட்டி. போன வாரம் காணிக்கைப் பையில பத்து ரூபா போடச் சொன்னேன், போட்டுட்டு, பை கொண்டுவந்த அண்ணன்கிட்ட "மிச்சம்?"னு கை நீட்டிட்டா. சரின்னு சமாளிச்சா, ஃபாதர் அப்பத்தத் தூக்கிக் காட்டுற எழுந்தேற்ற நேரம், எல்லாரும் முழங்கால்ல, பீடத்துல மணிய அடிச்சாங்க பாருங்க, "அப்பா குல்ஃபி வந்துருச்சு!"ன்னு கோயிலே திரும்புற மாதிரி ஒரு கத்து. நன்மை, அதான் ஃபாதர் குடுக்குற அப்பம், வாங்கப் போனா "எனக்கும் அப்பளம்"னு அழுகை. முன்னாடி பெஞ்சு ஆன்ட்டி "பிள்ளைய வீட்டுல விட்டுட்டு வரக்கூடாதா"ங்கிறாங்க. விட்டுட்டு வரலாமா, பாவமா?
– ஒரு அப்பா, தூத்துக்குடி

பதில்: தம்பி, சிரிச்சு முடிச்சிட்டுத்தான் எழுதுறேன். பாப்பாவுக்கு இதுல பாவமே இல்ல, திருச்சபைச் சட்டப்படி ஏழு வயசு முடிஞ்சவங்களுக்குத்தான் ஞாயிறு பூசை கடமை. கைக்குழந்தையப் பாத்துக்க வேண்டி வர முடியாமப் போனா பெத்தவங்களுக்கே விலக்கு உண்டு. சனிக்கிழமை சாயங்காலப் பூசையும் ஞாயிறு கணக்குலதான் வரும், அதனால புருஷன் பொண்டாட்டி ஆளுக்கு ஒரு பூசைன்னு பிரிச்சுக்கலாம். ஆனா என்னக் கேட்டா கூட்டிட்டே வாங்கன்னுதான் சொல்லுவேன்.

நீங்க கடைசி பெஞ்சுல உக்காருற ஆளுன்னு நினைக்கிறேன், சத்தம் போட்டா டக்குன்னு வெளிய ஓடிடலாம்னு. அதுதான் தப்பு. அங்க இருந்து பாத்தா அவளுக்குத் தெரியிறது பத்துப் பதினஞ்சு முதுகும் ஒரு ஃபேனும், போரடிக்காம என்ன செய்யும்? முன்னாடி ஓரமா உக்காருங்க, மெழுகுவத்தி, பூ, ஃபாதர் போட்டிருக்க கலரு எல்லாம் தெரியட்டும், மணி அடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே காதுல "இப்ப மணி அடிப்பாங்க, இயேசப்பா வர்றாங்க, கும்பிடு"ன்னு சொல்லிவைங்க, அந்த மணி எதுக்குன்னு தெரிஞ்சா அவ பாட்டுக்குப் பாத்துட்டு இருப்பா. ரொம்ப அழுதா வெளிய தூக்கிட்டுப் போங்க, ஆனா அங்க செல்போனக் குடுத்துடாதீங்க, கத்துனா செல்போன் கிடைக்கும்னு ஒரே வாரத்துல கத்துக்குவா. அழுகை நின்னதும் உள்ள வந்துடணும்.

பசிச்சா ஏதாவது குடுங்க, நன்மைக்கு ஒரு மணி நேரம் முன்னாடி சாப்பிடக்கூடாதுங்கிறது நன்மை வாங்குறவங்களுக்குத்தான். முறுக்கு மட்டும் வேணாம், பிரசங்கத்த விட அது நல்லா கேக்கும்.

அப்பளம் மேட்டர்: 1910-ல போப் பத்தாம் பயஸ்தான் விவரம் தெரியிற வயசு, சுமார் ஏழு, வந்தா நன்மை குடுக்கலாம்னு சொன்னார், அதுக்கு முன்னாடி நிறைய ஊர்ல பத்து பன்னெண்டு வயசு வரைக்கும் காத்திருக்கணும். நம்ம பக்கம் மூணாவது நாலாவது படிக்கிறப்பதான் புதுநன்மை, அதாவது முதல் தடவை நன்மை வாங்குறது, அதனால இவளுக்கு இன்னும் நாளிருக்கு. அதுவரைக்கும் கையக் கட்டிட்டு உங்ககூட வரிசையில வரச் சொல்லுங்க, நிறைய ஃபாதருங்க நெத்தியில சிலுவை போட்டு அனுப்புவாங்க, அவளுக்கும் ஏதோ கிடைச்ச திருப்தி.

அந்த ஆன்ட்டி திரும்பவும் கேட்டா இதச் சொல்லுங்க: போப் பிரான்சிஸ் வத்திக்கான்ல சிஸ்டின் சிற்றாலயத்துல குழந்தைங்களுக்கு ஞானஸ்நானம் குடுக்கும்போது, பசிச்சு அழுதா இங்கயே பால் குடுங்கன்னு அம்மாக்கள்கிட்ட சொன்னவரு. அதுக்கும் மொறைச்சா பூசையில ஒருத்தருக்கொருத்தர் சமாதானம் சொல்ற நேரத்துல பாப்பாவ முதல்ல அவங்களுக்கு வணக்கம் வைக்கச் சொல்லுங்க, மூணு வயசு கும்பிட்டா எந்த ஆன்ட்டியும் சிரிச்சிடுவாங்க.

கேள்வி: என் பையன் பிரசங்கம் ஆரம்பிச்சதும் தூங்கிடுறான். எழுப்பணுமா அக்கா?
– ஒரு அம்மா, நாகர்கோவில்

பதில்: ஐயோ எழுப்பாதீங்கம்மா, பக்கத்துல அவன் அப்பாவும் தூங்குறாரான்னு பாருங்க, அவர எழுப்புங்க.