டெம்ப்ளேட் கோப்புறையை சர்வர் கண்டுகொள்ளாத சிக்கல்

வணக்கம் ஐயா. கடலூர் துறைமுகத்து மீன் ஏல விலைகளைக் காட்டும் உங்கள் ஜாங்கோ (பைத்தானில் இணையதளம் கட்ட உதவும் கட்டமைப்பு) தளம், வீட்டுக் கணினியில் ஒழுங்காக ஓடியும், சர்வரில் ஏற்றியதும் டெம்ப்ளேட் (பக்கத்தின் வார்ப்புருக் கோப்பு) இல்லை என்ற பிழையோடு நின்றுவிடுவதாக எழுதியிருந்தீர்கள். நீங்கள் ஒட்டியுள்ள செட்டிங்ஸ் கோப்பில், டெம்ப்ளேட்டுகளை எங்கே தேடுவது என்று சொல்லும் டிர்ஸ் பட்டியலில் வெறுமனே ‘டெம்ப்ளேட்ஸ்’ என்று மட்டும் இருக்கிறது. அவ்வாறு எழுதினால், நிரல் எந்தக் கோப்புறையில் நின்று தொடங்கப்படுகிறதோ அதற்குள்தான் ஜாங்கோ தேடும் என்பதாலும், வீட்டில் ப்ராஜெக்டின் மேனேஜ்.பை கோப்பு இருக்கும் இடத்திலிருந்தே நீங்கள் ஓட்டுவதாலும், குறை அங்கே வெளிப்படவில்லை; சர்வரில் அது வேறு கோப்புறையிலிருந்து தொடங்கினால் வெளிப்பட்டுவிடும்.

அந்த வரியை பேஸ்_டிர் / 'டெம்ப்ளேட்ஸ்' என்று மாற்றிவிடுங்கள்; பேஸ்_டிர் என்பது ப்ராஜெக்டின் அடிக் கோப்புறையின் முழுப் பாதை. ப்ராஜெக்ட் ஜாங்கோ 3.1க்கு முந்தைய பதிப்பில் உருவானதாக இருந்தால், சாய்கோட்டுக்குப் பதிலாக ஓஎஸ்.பாத்.ஜாயின் தேவைப்படும். அதே செட்டிங்ஸில் ஆப்_டிர்ஸை ட்ரூ என்று வைத்திருப்பது இங்கே உதவாது. அது ஒவ்வொரு ஆப்புக்குள்ளும் இருக்கும் டெம்ப்ளேட்ஸ் கோப்புறையை மட்டுமே பார்க்கும், உங்களுடையதோ வெளியே இருக்கிறது. மாற்றிய பின், சர்வரில் தளத்தை இயக்கும் கூனிகார்னை மறுதொடக்கம் செய்ய மறவாதீர்கள்.