இரத்தப் பரிசோதனை காட்டாத கொலஸ்ட்ரால்

கேள்வி: என் இரத்தப் பரிசோதனையில் மொத்த கொலஸ்ட்ரால் 220 என்று வந்திருக்கிறது. உடலிலுள்ள கொலஸ்ட்ரால் முழுவதும் இரத்தத்தில்தான் இருக்கிறதா? வெயிலில் நின்றால் அது வைட்டமின் டி ஆக மாறிக் குறைந்துவிடும் என்றும், மாத்திரை சாப்பிட்டால் மூளைக்குக் கொலஸ்ட்ரால் போய்ச் சேராது என்றும் உறவினர் ஒருவர் கூறுகிறார். இவை உண்மையா?
– வாசகி ஒருவர், மதுரை

பதில்: 220 என்பது 100 மில்லிலிட்டர் இரத்தத் திரவத்தில் உள்ள மில்லிகிராம் அளவு. சுமார் 3 லிட்டர் இரத்தத் திரவத்துக்குக் கணக்கிட்டால் ஆறு, ஏழு கிராம்தான் தேறும். ஆனால் 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் மொத்தம் ஏறத்தாழ 140 கிராம் கொலஸ்ட்ரால் உண்டு. எஞ்சியதில் பெரும்பகுதி ஒவ்வொரு உயிரணுவின் மேற்சவ்விலும் அதன் கட்டுமானப் பொருளாகவே அமைந்திருக்கிறது. இரத்தத்தில் இருப்பது ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் பங்கு மட்டுமே. தமனிச் சுவரில் படிவது அந்தப் பங்கிலிருந்துதான் என்பதால், அளவு சிறிதென்று அதை அலட்சியப்படுத்தக் கூடாது.

மிகுதியாக இருக்கும் இடம் மூளை. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள அந்த உறுப்பில், உடலின் மொத்த கொலஸ்ட்ராலில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கால் பங்குக்கும் இடைப்பட்ட அளவு தங்கியிருக்கிறது. அதிலும் பெரும்பகுதி நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையில் உள்ளது. இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து வரும் எல்.டி.எல். துகள்கள் இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைக் கடந்து செல்வதில்லை. ஆகவே மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்து, நெடுங்காலம் வைத்துக்கொள்கிறது. அட்ரீனல் சுரப்பியோ ஹார்மோன் தயாரிப்பதற்காக, கொழுப்பு அமிலத்தோடு இணைந்த வடிவில் அதைச் சேமித்து வைக்கிறது.

வெயில் பற்றிய எண்ணம் பரவலாக இருப்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அசிட்டைல் கோ-ஏ என்னும் சிறு மூலக்கூறிலிருந்து தொடங்கி 20-க்கும் மேற்பட்ட படிகளைக் கடந்தே கொலஸ்ட்ரால் உருவாகிறது. இந்தப் பாதையை விளக்கிய ஆய்வுகளுக்காகத்தான் கொன்ராட் பிளாக், ஃபியோடார் லைனன் இருவரும் 1964-இல் நோபல் பரிசு பெற்றார்கள். இடையில் தோன்றும் ஸ்குவாலீன், லானோஸ்டீரால், லாத்தோஸ்டீரால் போன்ற முன்னோடிப் பொருள்கள் உடனுக்குடன் அடுத்த படிக்குச் சென்றுவிடுவதால் பெரும்பாலான திசுக்களில் மிகக் குறைவாகவே காணப்படும். தோல் இதற்கு விலக்கு. தோலின் எண்ணெய்ச் சுரப்பில் ஏறத்தாழ 12 சதவீதம் ஸ்குவாலீன். மேல்தோலின் உயிருள்ள அடுக்குகளிலோ, கொலஸ்ட்ராலுக்கு ஒரு படி முந்தைய 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால் தேங்கியிருக்கிறது. சூரிய ஒளியின் புற ஊதா பி கதிர் இந்த முன்னோடிப் பொருளைத்தான் வைட்டமின் டி ஆக மாற்றுகிறதே தவிர, கொலஸ்ட்ராலை அன்று. அப்படி உருவாகும் வைட்டமினின் அளவு மைக்ரோகிராம்களில் இருக்க, உடல் நாள்தோறும் தயாரிக்கும் கொலஸ்ட்ரால் ஒரு கிராமை நெருங்குகிறது. ஒரு கிராம் என்பது 10 லட்சம் மைக்ரோகிராம். ஆகவே வெயிலில் நின்று கொலஸ்ட்ராலைக் குறைத்துவிடலாம் என்று நம்ப வேண்டாம்.

முன்னோடிப் பொருள் வேண்டாத இடத்தில் தேங்குவது எவ்வளவு கடுமையானது என்பதை ஸ்மித்-லெம்லி-ஆபிட்ஸ் என்ற அரிய பிறவி நோயில் காணலாம். கடைசிப் படியை நிகழ்த்தும் நொதி குறைபட்டிருப்பதால் உடலெங்கும் 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால் பெருகி, கொலஸ்ட்ரால் குறைந்து, குழந்தையின் மூளை வளர்ச்சி கருவிலேயே பாதிக்கப்படுகிறது.

கொலஸ்ட்ராலைக் குறைக்கத் தரப்படும் ஸ்டேடின் மாத்திரைகள், கொலஸ்ட்ரால் உருவாகும் இந்தப் பாதையின் தொடக்கத்திலுள்ள ஒரு நொதியை, முக்கியமாகக் கல்லீரலில், மட்டுப்படுத்துகின்றன. அதனால் கல்லீரல் இரத்தத்திலிருந்து எல்.டி.எல். துகள்களைக் கூடுதலாக உறிஞ்சிக்கொள்கிறது. மூளை அந்தத் துகள்களை நம்பியிருப்பதே இல்லை. மூளைக்குள் ஓரளவு நுழையக்கூடிய சிம்வாஸ்டேட்டின் என்ற ஸ்டேடின் மருந்தை வைத்து 20,536 பேரிடம் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்விலும், அதை உட்கொண்டவர்களுக்கும் உட்கொள்ளாதவர்களுக்கும் இடையே அறிவாற்றலில் வேறுபாடு காணப்படவில்லை. உங்களுக்கு மாத்திரை தேவையா என்பதை எல்.டி.எல். அளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை, வயது ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து உங்கள் மருத்துவர் முடிவு செய்வார். ஏற்கெனவே சாப்பிட்டு வருகிறீர்கள் என்றால், உறவினரின் பேச்சைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள்.