மழை இரவில் விழித்திருக்கும் மகள்

கேள்வி: உயர்தரம் படிக்கிற என் மகள், ‘டித்வா’ சூறாவளிக்குப் பிறகு மழை பெய்தால் இரவில் தூங்குவதில்லை. உலகம் சூடாகிறது என்ற செய்திகளையே போனில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். “நான் படிச்சு என்ன செய்ய? ஊரே கடலுக்குள்ள போகப்போகுது” என்கிறாள். போனைப் பறித்து வைத்திருக்கிறேன். செய்தது சரிதானா?
– ஒரு தாய், பாண்டிருப்பு

பதில்: சரியில்லை, தங்கச்சி. உங்கள் மகள் இல்லாத பேய்க்குப் பயப்படவில்லை. 2024 நவம்பரில் நம் அம்பாறை மாவட்டத்து மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தோடு வெள்ளம் அள்ளிக்கொண்டு போன மதரசா மாணவர்கள் அவளைப் போலப் படிக்கிற பிள்ளைகள். அடுத்த நவம்பரே டித்வா வந்து, இலங்கையில் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. இரண்டு மாரியில் இவ்வளவையும் கண்ட பிள்ளை மழைக்கு விழித்திருப்பதில் என்ன பிழை?

2021இல் பத்து நாடுகளில், 16 முதல் 25 வயது வரையான 10,000 பேரிடம் கேட்ட ஆய்வொன்று வெளிவந்தது. காலநிலை மாற்றத்தை நினைத்து மிகவும், அல்லது அளவுகடந்து கவலைப்படுவதாக 59 வீதமானோர் சொன்னார்கள். ‘அரசாங்கங்கள் எங்களைக் கைவிட்டுவிட்டன’ என்ற எண்ணமும் அந்தக் கவலையும் சேர்ந்தே இருந்தன. என்னைத் தைத்தது அதுதான். போனைப் பறித்தபோது நீங்களும் கைவிட்டவர்களின் பக்கம் போய் நின்றுவிட்டீர்கள்.

அதற்காக அவள் சொல்வதெல்லாம் சரி என்று தலையாட்டவும் வேண்டாம். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்தது. இந்த நூற்றாண்டு முடிவதற்குள் இன்னும் 28 சென்ரிமீற்றராகவும் உயரலாம், ஒரு மீற்றராகவும் உயரலாம். எது என்பது இனி உலகம் எண்ணெயும் நிலக்கரியும் எவ்வளவு எரிக்கிறது என்பதில் இருக்கிறது. முடிந்துபோன கதை என்று எந்த விஞ்ஞானியும் அவளுக்குச் சொல்லவில்லை.

நம் கிழக்குக் கரையில் நடப்பது எல்லாவற்றையும் வானத்தின் தலையில் போடவும் கூடாது. ஒலுவில் துறைமுகத்தின் அலைத்தடுப்பு வந்த பிறகு அதன் வடக்குப் பக்கம் கரை அரித்து, தென்னைகள் கடலில் சாய்ந்தன. மழைத்தண்ணீர் கடலுக்கு வடியும் தோணாவுக்குள் குப்பை கொட்டினோம், வயலை மண் போட்டு மூடி வீடு கட்டினோம். மாரி வெள்ளம் எங்கே போகும்? இவை மனிதர் செய்தவை. கேள்வி கேட்டால் மாற்றக்கூடியவை. உலகச் சூட்டின் பழியை மட்டும் அவள் சுமக்கத் தேவையில்லை. இந்த நாட்டில் ஒருவர் பங்குக்கு வெளியாகும் காபனீரொட்சைட்டு உலகச் சராசரியின் கால்வாசிக்கும் குறைவுதான்.

சுற்றாடல் தினத்தில் ஒரு கன்றை நட்டுப் படம் எடுத்துவிட்டு, பிறகு தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் விடுவதை நான் செயல் என்று சொல்லமாட்டேன். பிள்ளைகளை ஏமாற்றும் வேலை அது. மகளும் நாலைந்து தோழிகளும் ஒரு கொப்பி எடுக்கட்டும். வெள்ளம் முதலில் ஏறுவது எந்த வீட்டுப் படியில், நடக்க ஏலாத ஆச்சி இருப்பது எந்த ஒழுங்கையில், அடைபட்ட மதகு எது, இரவில் போய்த் தங்கக்கூடிய மாடிக் கட்டடம் எது, அதன் திறப்பு யாரிடம் என்று வீடு வீடாய்க் கேட்டு எழுதட்டும். ஐப்பசி பிறக்க முன்னம் ஒரு பிரதி கிராம சேவகரிடம், ஒரு பிரதி கோயில் நிர்வாகத்திடம். வடிகால் துப்புரவுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எங்கே செலவழித்தார்கள் என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை அதிகாரி 14 வேலைநாட்களுக்குள் சொல்லியாக வேண்டும். விண்ணப்பத்தில் நீங்கள் கையெழுத்து வையுங்கள்.

1978 சூறாவளி இரவில் எனக்கு ஒன்பது வயது. விடிந்ததும் பெரியப்பா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு, விழுந்து கிடந்த தென்னைகளைத் தாண்டி ஒழுங்கை ஒழுங்கையாய்ப் போனார். கூரை இல்லாத வீடுகளை எண்ணுவது என் வேலை. அந்தக் காற்று இன்றும் காதுக்குள் கேட்கிறது. கூடவே அந்த எண்ணும் வருகிறது: முப்பத்தொன்று. மத்தியானம் அந்த முப்பத்தொரு வீட்டுக்கும் கஞ்சி போனது.

2004 மார்கழியில் நீங்களும் சின்னப் பிள்ளையாகவோ இளம்பெண்ணாகவோ இருந்திருப்பீர்கள். சுனாமி நிலநடுக்கத்தால் வந்தது, காலநிலையால் அல்ல. ஆனாலும் அதே கரையில் திரும்ப எப்படி அடுப்பு மூட்டினீர்கள், கடல் இரைச்சலோடு எத்தனை இரவு விழித்திருந்தீர்கள் என்று மகளிடம் ஒருநாளாவது சொன்னீர்களா? இன்றிரவு சொல்லுங்கள்.

தூக்கமின்மை வாரக்கணக்கில் நீண்டால், சாப்பாடு வெறுத்தால், ‘இருந்து என்ன’ என்ற பேச்சு வந்தால் ஒருநாளும் தாமதிக்க வேண்டாம். ஆஸ்பத்திரி உளநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், அல்லது தேசிய உளநல உதவி இலக்கம் 1926க்கு எடுங்கள்.

போனைத் திருப்பிக் கொடுங்கள். இரவு பத்து மணிக்குப் பிறகு அவளுடையதும் உங்களுடையதும் அடுப்படி மேசையில் இருக்கட்டும். அடைமழை நாளில் மட்டும் உங்கள் போனைச் சத்தம் கூட்டி வைத்து, அனர்த்த எச்சரிக்கை வந்தால் எழுப்புவேன் என்று அவளுக்குச் சொல்லிவிட்டு, நீங்கள் விழித்திருங்கள்.