செலடான் தட்டு: பட்டாம்பூச்சிச் சிறகின் ரோஜா நிறம் சொல்லும் வயது

கேள்வி: வெளிர்பச்சை செலடான் (பச்சை நிறக் கண்ணாடிப்பூச்சு இட்ட பீங்கான்) தட்டு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மேலே பல வண்ணத்தில் பூ, பறவை, பட்டாம்பூச்சி. சீனாவின் சுங் அரசர் காலத்தது, 900 வருஷப் பழசு என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். சிறகிலோ இதழிலோ ரோஜா நிறம் இருக்கிறதா என்று பாருங்கள். தங்கத்தின் நுண்துகளால் வரும் அந்த எனாமல் (சுட்டு ஒட்டவைக்கும் கண்ணாடி வண்ணம்) சீனப் பீங்கானில் புழங்கத் தொடங்கியதே 1720-களை ஒட்டித்தான். சுங் ஆட்சியோ 1279-இல் முடிந்துவிட்டது. செலடானுக்குப் பேர்போன சீனாவின் லுங்சுவான் சூளைகளின் பழைய தட்டுகளில் பூவேலை, கண்ணாடிப்பூச்சான மெருகுக்கு அடியில், கீறியோ அச்சில் அழுத்தியோ, பெரும்பாலும் ஒரே பச்சையாகத் தெரியும்.

நீங்கள் சொல்வது 19-ஆம் நூற்றாண்டில் ஏற்றுமதிக்கென்று செய்த வகை. சீனாவின் பீங்கான் ஊரான ஜிங்தெஜென்னில் சுட்ட பச்சைத் தட்டில் கான்டன் (இன்றைய குவாங்சோ) பட்டறைகள் வண்ணம் தீட்டி, குறைந்த சூட்டில் மறுபடி சுட்டன. அதனால்தான் படம் விரலுக்கு மேடாகத் தட்டுப்படும். நல்ல வேலைப்பாடுதான், ஆசைப்பட்டு வாங்கலாம். சுங் காலத்து விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: 19-ஆம் நூற்றாண்டுத் தட்டா, புதுசா என்று கையில் எடுத்துப் பார்த்து எப்படி அறிவது?

பதில்: முதலில் தட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். மெருகு படாத அடிவளையம் நாள்பட்ட புழக்கத்தில் வழவழப்பாகி, மேடான இடங்களில் மட்டும் தேய்ந்திருக்க வேண்டும். சுற்றிலும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தாலோ, தேநீர் ஊற்றியது போலப் பழுப்பு அப்பியிருந்தாலோ செயற்கையாகப் பழசாக்கியது என்று சந்தேகியுங்கள்.

அடியில் நீலத்தில் சதுர முத்திரை போன்ற கிறுக்கல் இருந்து, அதை வாசிக்க முடியாவிட்டாலும் கவலை வேண்டாம். இந்த வகையில் அது வழக்கம்தான். ஆங்கில எழுத்தில் ‘சைனா’ என்றிருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது. பிறந்த நாட்டின் பெயரைப் பொருளில் பொறிக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சுங்க விதி அந்த ஆண்டுதான் நடைமுறைக்கு வந்தது. ‘மேட் இன் சைனா’ இன்னும் பிந்தியது, 20-ஆம் நூற்றாண்டு.

பிறகு 10 மடங்கு லென்ஸில் சிறகைப் பாருங்கள். கையால் தீட்டியதில் தூரிகை அழுத்தம் கூடிக் குறையும், இரண்டு பட்டாம்பூச்சிகள் அச்சாக ஒன்றுபோல இருக்காது. வண்ணம் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரிந்தால் அது ஒட்டிச் சுட்ட அச்சுப்படம். வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்தால் பழைய எனாமலில் மெல்லிய கீறல்களும், சிலவற்றில் வண்ணத்தைச் சுற்றி வானவில் மினுமினுப்பும் தெரியும்.

ஒட்டுவேலை இருக்கிறதா என்பதையும் விடாதீர்கள். இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்தால், பிசினால் சரிசெய்த இடம் பெரும்பாலும் சுற்றுப்புறத்திலிருந்து மாறி ஒளிரும். விரலால் மெல்லத் தட்டும்போது மணிபோல ஒலிக்காமல் மந்தமாகக் கேட்டால் மயிரிழை விரிசலைத் தேடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கினால்?

பதில்: அடிப்பக்கம், விளிம்பு முழுவதும், சாய்வெளிச்சத்தில் ஒரு படம் – இவை மூன்றையும் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். விரிசல், சில்லு, ஒட்டு எதுவும் இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். திருப்பி அனுப்பும் உரிமையும் அதில் இருக்கட்டும். ‘சிங் காலத்துப் பொருள், நேராகச் சீனாவிலிருந்து அனுப்புகிறோம்’ என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை (சிங் என்பது சுங்குக்கு வெகுகாலம் பிந்திய, சீனாவின் கடைசி அரச மரபு). 1911 வரையிலான தொல்பொருள்கள் நாட்டை விட்டு வெளியே போவதைச் சீனா 2007 விதிகளில் தடுத்திருக்கிறது. ஆகவே ஒன்று அது பழசல்ல, அல்லது கடத்தல்.

கேள்வி: இதில் சாப்பிடலாமா? சுவரில் மாட்டலாமா?

பதில்: சாப்பிட வேண்டாம். மெருகின் மேல் தீட்டிய எனாமலில் ஈயம் உண்டு. புளி, எலுமிச்சை, தயிர் பட்டால் அது உணவில் கரையும். சுவரில் மாட்ட ஸ்பிரிங் கம்பிக் கொக்கி வேண்டவே வேண்டாம். அது விளிம்பை எப்போதும் இறுக்கிக்கொண்டிருப்பதால் பழைய மயிரிழை விரிசல் நீளும், எனாமலும் உதிரும். தாங்கியில் சாய்த்து வையுங்கள். கழுவ வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும். தொட்டியின் அடியில் ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள். ப்ளீச் படவே கூடாது. அது விரிசலுக்குள் இறங்கி உப்பாக உறைந்து, மெருகை உள்ளிருந்தே பெயர்க்கும்.