எல்லாம் இருந்தும் போதவில்லை என்றே தோன்றுகிறது. வாழ்க்கையின் நோக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

35 வயது, நல்ல சம்பளம், சொந்த வீடு, ஆனாலும் எதற்காக ஓடுகிறோம் என்று தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ஐடி வேலையாகத்தான் இருக்கும். சொந்த வீடு என்கிறீர்கள், இன்னும் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு அது பேங்க் வீடு. தப்பாக நினைக்காதீங்க தம்பி. முதலில் அதைப் பேசுவோம், நோக்கம் அப்புறம்.

நான் மதுரைக்குப் பக்கத்தில் செக்கானூரணியில் மல்லி போட்டிருக்கிறவன். 70 சென்ட். எங்கள் பக்கம், பூவை விற்றுக்கொடுக்கிற கமிஷன் கடையில் முன்பணம் வாங்காத பூ விவசாயி குறைவு. கிணறு தூர் வார, அக்கா கல்யாணத்துக்கு என்று அப்பாவும் வாங்கினார். வட்டி என்று தனியாகக் கேட்கமாட்டார்கள். ஆனால் பூவை அந்தக் கடைக்குத்தான் போடவேண்டும். பக்கத்துக் கடையில் கிலோவுக்கு நூறு ரூபாய் கூடப் போனாலும் வேடிக்கைதான் பார்க்கலாம். அப்பாவுக்குப் பிறகு அந்தக் கணக்கு என் தலைக்கு வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி முடித்தேன். கடைசித் தவணை அன்று, "மறுபடி ஏதும் வேணுமாப்பா?" என்று கடைக்காரர் நோட்டை மூடாமலே கேட்டார். "வேணாம்ணே" என்று சொல்லிவிட்டு மாட்டுத்தாவணி மார்க்கெட்டைவிட்டு வெளியே வந்தேன். போதும் என்ற நினைப்பு எனக்கு முதல்முதலாக வந்தது அப்போதுதான். தியானம் பண்ணியெல்லாம் வரவில்லை.

அதோடு விட்டார்களா? தை மாதம் மச்சினன் ஓடிவந்தான். "மச்சான், டிவில பாத்தீகளா, மல்லி கிலோ நாலாயிரமாம்! ஊரணிக்கு மேக்கால ரெண்டு ஏக்கர் குத்தகைக்கு வருது, பிடிச்சுப் போடுங்க." டிவியில் சொல்லாத ஒன்று இருக்கிறது. பனி விழுந்தால் மொட்டுப் பிடிக்காது. பூ இல்லாததால்தான் அந்த விலை. செய்தியில் நாலாயிரம் என்று வருகிற நாளில் என் தோட்டத்தில் ஒரு கிலோகூடத் தேறாது. சித்திரை, வைகாசியில் செடி பூவாகக் கொட்டும், அப்போது விலை முந்நூறுக்கு வந்து நிற்கும். பறிப்புக் கூலி கொடுத்தால் மிச்சம் என்ன?

நான் இப்படித்தான் கணக்குப் போட்டேன். மல்லியை மொட்டாகவே பறிக்கவேண்டும், வெயில் ஏறுவதற்குள் மார்க்கெட் போய்ச் சேரவேண்டும். நானும் வீட்டுக்காரியும் அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் எட்டு மணிக்குள் பறித்து முடிக்கிற அளவு 70 சென்ட். அதுதான் என் அளவு. அதற்குமேல் போனால் ஆள் பிடிக்க அலையணும், அதற்கு முன்பணம், மறுபடி அதே நோட்டு. மச்சினன் இன்றைக்கும் என்னைப் பிழைக்கத் தெரியாதவன் என்றுதான் சொல்கிறான். உங்களுக்கும் இப்படி ஓர் அளவு இருக்கும். அது சம்பளத்தில் தெரியாது, எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறீர்கள் என்பதில் தெரியும்.

    

சரி, நோக்கம். நீங்கள் இதையும் போதும் என்பதையும் ஒரே மூட்டையில் கட்டியிருக்கிறீர்கள். எங்கள் ஊர் அரவிந்த் கண் மருத்துவமனையின் டாக்டர் வெங்கடசாமியைப் பாருங்கள். அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றபிறகு, 58 வயதில், 1976-ல், 11 படுக்கையோடு ஆரம்பித்தார். சின்ன வயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போனவர், அந்தக் கையாலேயே ஆபரேஷன் பழகியவர். வீட்டுக்கு எவ்வளவு போதும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, செய்கிற வேலையில் மட்டும் போதும் என்று சொல்லவே இல்லை. என் அம்மாவின் கண்புரையை அங்கேதான் எடுத்தோம். முகாம் போட்டு பஸ்ஸில் கூட்டிப்போய், காசு வாங்காமல் சோறும் போட்டு அனுப்பினார்கள். அவர் 58 வயதில் புதிதாக எதையும் தேடவில்லை என்பதைக் கவனியுங்கள். அரசு வேலையில் இருந்தபோதே ஊர் ஊராகக் கண் முகாம் போட்டவர், கை பழகிய அதே வேலையைத்தான் பெரிதாக்கினார். நீங்கள் இமயமலை, யோகா வகுப்பு என்று கிளம்புவதற்குமுன், உங்கள் கைக்கு ஏற்கெனவே என்ன தெரியும், அது யாருக்குத் தேவைப்படும் என்று பார்க்கலாம்.

"உனக்கு நிலம் இருக்கு, பேசுறே" என்று சிலர் வருவீர்கள். மொட்டுப்புழு விழுந்து தோட்டமே போன வருஷம் நான் டவுனில் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனேன், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூலி பத்தாதவனைப் பார்த்துப் போதும் என்று இரு என்று நான் சொல்லவே மாட்டேன். அவன் கூடக் கேட்டுச் சண்டை போடத்தான் வேண்டும். இந்தப் பதில் 35 வயதில் வீடு வாங்கிவிட்ட தம்பிக்கு மட்டும்.