ஆமாம் போடவா, இல்லை போடவா?

கேள்வி: அக்கா, போன வருஷம்தான் சிட்டிசன்ஷிப் கிடைத்தது. இந்த நவம்பரில் முதல் ஓட்டு. வாக்குச்சீட்டில் வரப்போகும் மெஷர்களை, அதாவது ஆமாம் அல்லது இல்லை என்று மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் தீர்மானங்களை, விளக்க ஒரு கூட்டம் என்று எங்கள் பக்கத்து நூலகத்தில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். போனால், இதற்குப் போடு அதற்குப் போடாதே என்று நச்சரிப்பார்களோ?
– வாசகி, சன்னிவேல், கலிபோர்னியா

பதில்: தயங்காமல் போங்கள். நானும் முதல் தடவை அந்தப் பயத்தோடுதான் போனேன். கும்பகோணத்தில் நான் பார்த்த தேர்தல் கூட்டம் என்றால் மைக்செட், பொன்னாடை, தெருவை அடைத்த மேடை. இங்கே முப்பது மடக்கு நாற்காலி, ஒரு ஃபிளாஸ்க் காபி, வாசலில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, அவ்வளவுதான். பாட்டி ஆளுக்கு ஒரு சின்ன அட்டையும் பென்சில் கட்டையும் கொடுத்தார். கேள்வியை எழுதிக் கொடுத்துவிட்டால் நடத்துகிறவர் வாசித்துப் பதில் வாங்கித் தருவார். ஆங்கிலத்தில் எழுந்து பேசக் கூச்சப்படும் என்னைப் போன்றவர்களுக்கு அந்த அட்டை பெரிய வரப்பிரசாதம்.

அன்றைக்கு நகர அலுவலகத்திலிருந்து ஒருவர் விற்பனை வரி மெஷரைப் பற்றிப் படம் போட்டு விளக்கினார். பின்வரிசையில் தொப்பி போட்ட ஒருவர் எழுந்து, "அதெல்லாம் சரி, ஆமாம் போடணுமா, இல்லை போடணுமா, அதைச் சொல்லுங்க" என்றார். அதிகாரி சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். நழுவுகிறார் என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அரசுப் பணத்தில் பிரசாரம் செய்யக்கூடாது, நடுநிலையாகத் தகவல் மட்டும் சொல்லலாம் என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976-இல் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. மாநிலப் பூங்காத் துறை இயக்குநர் ஒரு பாண்டு (அரசு கடன் பத்திரம்) மெஷருக்கு ஆதரவாகத் துறைப் பணத்தைச் செலவழித்தார் என்று ஒருவர் போட்ட வழக்கு அது. ஆகவே அதிகாரியின் வாயைப் பிடுங்காதீர்கள். "இந்த வரி எத்தனை வருஷம்? எப்போது முடியும்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல அவருக்குத் தடை இல்லை.

கேள்வி: வந்த நோட்டீஸில் ஒன்று பாண்டு என்கிறது, இன்னொன்று பார்சல் வரி என்கிறது. இரண்டும் பள்ளிக்கூடத்துக்குத்தான். என்ன வித்தியாசம்? என் பையிலிருந்து எவ்வளவு போகும்?
– வாசகர், ஃப்ரீமான்ட்

பதில்: வங்கியில் வேலை பார்த்தவளிடம் சரியான கேள்வி கேட்டீர்கள். பாண்டு என்பது கடன். பள்ளி மாவட்டம், அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு, பாண்டு பத்திரங்களை விற்றுப் பணம் திரட்டிக் கட்டடம் கட்டும், கூரை மாற்றும். அசலும் வட்டியும் நம் சொத்து வரி பில்லோடு சேர்ந்து வருஷக்கணக்காக வசூலாகும். அதில் ஆசிரியர் சம்பளம் கொடுக்க முடியாது. சம்பளத்துக்கும் வகுப்புகளுக்கும் பணம் வேண்டும் என்றால் பார்சல் வரி கேட்பார்கள். அது பெரும்பாலும் மனைக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. வீடு பங்களாவோ சின்ன வீடோ, கணக்கு ஒன்றுதான்.

ஜெயிக்க வேண்டிய அளவும் வேறு. பார்சல் வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். பள்ளிப் பாண்டுக்கு 55 சதவீதம் போதும் என்று 2000-இல் வந்த ப்ராப்பசிஷன் 39 தளர்த்தியது. மாநிலம் முழுவதும் ஓட்டுக்கு விடும் மெஷருக்குத்தான் ப்ராப்பசிஷன் என்று பெயர். ஆனால் அந்த வழியில் போனால் ஓர் உச்சவரம்பு உண்டு. தொடக்கப்பள்ளியிலிருந்து உயர்நிலைப்பள்ளி வரை ஒரே நிர்வாகத்தில் இருக்கும் மாவட்டமானால், ஒரு பாண்டு மெஷருக்கு, வரிக்காகக் கணக்கிடும் சொத்து மதிப்பீட்டில் ஒவ்வொரு 1,00,000 டாலருக்கும் வருஷத்துக்கு 60 டாலருக்கு மேல் போகாது என்று கணக்குக் காட்ட வேண்டும்.

இங்கேதான் நம் ஆட்கள் பலர் தடுக்கி விழுகிறார்கள். மதிப்பீடு என்பது இன்று வீடு விற்கும் விலை அல்ல. 1978-இல் வந்த ப்ராப்பசிஷன் 13-இன்படி, வாங்கிய விலையிலிருந்து தொடங்கி வருஷத்துக்கு அதிகபட்சம் 2 சதவீதம்தான் அது ஏறும். கூட்டத்துக்குப் போகும்போது உங்கள் சொத்து வரி பில்லை எடுத்துக்கொண்டு போங்கள். நான் போனபோது பில்லை மடியில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். என் வீட்டு மதிப்பீடு 9,00,000 டாலர். 60 டாலர் என்றால் வருஷத்துக்கு 540. பக்கத்து நாற்காலியில் என் தெருக்காரர், எண்பதுகளில் வீடு வாங்கியவர். அவர் மதிப்பீடு 2,50,000. அவருக்கு 150. ஒரே தெரு, ஒரே மாதிரி மூன்று படுக்கையறை வீடு! கொஞ்சம் வயிறு எரியத்தான் செய்தது. பாட்டி வைத்திருந்த பிஸ்கெட்டில் இரண்டு கூடுதலாக எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் 65 தாண்டிய பெரியவர் பெயரில் வீடு இருந்தால், பள்ளிப் பார்சல் வரியில் விலக்கு உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். பல மாவட்டங்கள் தருகின்றன. ஆனால் நாமே விண்ணப்பிக்க வேண்டும், தானாக வராது.

கேள்வி: நான் கிரீன் கார்டில் மகள் வீட்டில் இருக்கிறேன். மகள், மருமகனோடு இந்தக் கூட்டத்துக்கு நானும் போகலாமா?
– வாசகி, கூப்பர்ட்டினோ

பதில்: தாராளமாக. உட்காரலாம், கேட்கலாம், காபி குடிக்கலாம். அங்கே யாராவது வாக்காளர் பதிவுப் படிவத்தை நீட்டினால் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். ஓட்டுநர் உரிமம் வாங்கப் போகும் இடத்திலும் வாக்காளராகப் பதிவு செய்யவா என்ற கேள்வி வரும், நிதானமாகப் படித்துவிட்டுப் பதில் கொடுங்கள். சிட்டிசன் இல்லாதவர் ஓட்டுப் போட்டால் கிரீன் கார்டுக்கே ஆபத்து.

கேள்வி: ஆமாம் என்று போட்டால் வேண்டும், இல்லை என்று போட்டால் வேண்டாம். இதில் குழப்பம் என்ன என்று என் கணவர் கேட்கிறார்.
– வாசகி, சான் ரமோன்

பதில்: அவரிடம் 2022-இல் வந்த ப்ராப்பசிஷன் 31-ஐக் கேளுங்கள். வாசனை சேர்த்த புகையிலைப் பொருள்களை விற்கக் கூடாது என்று மாநிலம் சட்டம் போட்டது. பிடிக்காத புகையிலைக் கம்பெனிகள் கையெழுத்து வாங்கி அதை வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தன. வாசனைச் சிகரெட் வேண்டும் என்கிறவர் 'ஆமாம்' போட்டிருந்தால் தொலைந்தார். 'ஆமாம்' என்றால் சட்டம் நிற்கட்டும் என்று அர்த்தம். கடைசியில் சட்டம்தான் நின்றது.

ஆகவே தபாலில் வரும் பளபள பிரசார அட்டைகளை ஓரமாக வையுங்கள். உள்ளூர் மெஷர் என்றால் வாக்குச்சீட்டில் இருக்கும் கேள்வி 75 சொல்லுக்கு மேல் போகாது. அதில் பாதி "நம் குழந்தைகள்", "பாதுகாப்பான தெருக்கள்" என்று கண்ணைத் துடைக்க வைக்கும். வாக்காளர் கையேட்டில் நகரத்தின் அல்லது கவுன்ட்டியின் வழக்கறிஞர் எழுதிய நடுநிலை விளக்கம் இருக்கும். 500 சொல்லுக்குள், உப்புச் சப்பில்லாமல் இருக்கும். அதை முதலில் படியுங்கள். ஆமாம் போட்டால் என்ன நடக்கும், இல்லை போட்டால் என்ன நடக்கும் என்பது அதில்தான் கிடைக்கும். ஆதரவு, எதிர்ப்பு வாதங்களை அப்புறம் பார்க்கலாம். அவற்றில் நான் முதலில் பார்ப்பது கீழே கையெழுத்துப் போட்டவர்கள் யார் என்பதைத்தான்.

கேள்வி: நான் வாடகைக்கு இருக்கிறேன். சொத்து வரி மெஷரில் எனக்கு என்ன வந்தது?
– வாசகர், மவுன்டன் வியூ

பதில்: விற்பனை வரி ஏறினால் உங்களுக்கும் ஏறும். சொத்து வரி ஏறினால் வீட்டுக்காரர் அடுத்த வாடகைப் பேச்சில் ஞாபகப்படுத்துவார். உங்கள் ஓட்டும் அவர் ஓட்டும் ஒரே எடைதான். ஒன்று கவனியுங்கள்: நகர சபை கொண்டுவரும் வரி 'பொதுச் செலவுக்கு' என்றால் பாதிக்கு மேல் ஓட்டுப் போதும், ஆனால் பணம் எதற்கு வேண்டுமானாலும் போகலாம். 'இந்த வேலைக்கு மட்டும்' என்று கட்டிப்போட்டால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். சாலைக்காக என்று மேடையில் சொல்கிறார்களா, மெஷரிலேயே எழுதியிருக்கிறார்களா? அட்டையில் எழுதிக் கொடுக்க நல்ல கேள்வி இது.

கேள்வி: இத்தனை மெஷர்களையும் படிக்க நேரமில்லை. சிலதை வெற்றாக விட்டால் ஓட்டு செல்லாதா?
– வாசகர், சான் ஹோசே

பதில்: செல்லும். புரிந்ததற்குப் போடுங்கள், மற்றதை விட்டுவிடலாம். தபாலில் ஓட்டு அனுப்பினால் உறையின் மேல் கையெழுத்தை மட்டும் மறக்காதீர்கள். பதிவில் இருப்பதோடு அது பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். என் வீட்டுக்காரர் ஒருமுறை உற்சாகத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். பத்து நாளில் 'பொருந்தவில்லை, சரிசெய்து அனுப்புங்கள்' என்று கடிதம் வந்தது. இப்போதெல்லாம் ஓட்டுநர் உரிமத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துப் போடுகிறார். அதுவும் கொஞ்சம் கோணலாகத்தான் வருகிறது.